புத்தகத்தைப் படித்தவன் என்றொரு உத்தியோகம்

சினிமாவில் வெளிச்சம் பிடிக்க ஒருவர், குடை பிடிக்க ஒருவர், குடை பிடிப்பவர் வந்துவிட்டாரா என்று பார்க்க ஒருவர் என ஏகப்பட்ட வேலைகள் உண்டு. நான் பார்த்த வேலைக்கு மட்டும் இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. யூனிட்டில் இருக்கும் எல்லோர் சார்பிலும் புத்தகத்தைப் படித்து வைத்திருப்பதுதான் அந்த வேலை.

சின்ன வயதில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படித்த மாயக்கதையைப் படமாக எடுத்திருக்கிறார்கள் என்று ஓடிப்போய் உட்கார்ந்து, "புக்ல இப்படி இல்லையே" என்று முனகி, பக்கத்து சீட்டுக்காரரிடம் முறைப்பு வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் நாம் இருவரும் ஒரே வார்டு நோயாளிகள். என்ன, நீங்கள் டிக்கெட் வாங்கி இரண்டரை மணி நேரம் அவதிப்பட்டீர்கள். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒன்றரை வருடம் அவதிப்பட்டேன்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் நூலகர். எங்கள் நூலகத்தில் மூன்று முறை பைண்டிங் பிரிந்த ஒரே புத்தகம் 'மதகுக்குப் பின்னால்'. திண்டிவனம் தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த வனஜா, இருபத்து நான்கு வயதில் எழுதிய கதை. அதற்குப் பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. கதை இதுதான்: கோடையில் ஏரி வற்றியதும், பத்து வயது செல்லி மதகுக்குள் ஒரு கதவைப் பார்க்கிறாள். அந்தப் பக்கம் தண்ணீர் வற்றாத ஒரு நாடு. அங்கே ஒரு நாரை தாசில்தார். வழிகாட்ட ஒரு கிழட்டு ஆமை. கடைசியில் மழை வந்து ஏரி நிரம்பத் தொடங்குகிறது. கதவைச் சாத்தாவிட்டால் ஏரித் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடி ஊர் காய்ந்துபோகும். சாத்தினால் ஆமையை இனி ஒருநாளும் பார்க்க முடியாது. செல்லி சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்க் கேப்பைக் கூழ் குடிக்கிறாள். யாரிடமும் சொல்வதில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அழாமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததில்லை. நானும் அழுதவன்தான்.

ஆளெடுப்பு

திண்டிவனத்தில் மல்லாட்டை (அதாவது நிலக்கடலை) எண்ணெய் மில் வைத்திருக்கும் தணிகாசலம் முதலாளி ஒருநாள் நூலகத்துக்கே வந்துவிட்டார். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் இந்தக் கதையைத் தினம் ஒரு அத்தியாயமாகப் படித்துக் காட்டினாராம். ஆறாவது அத்தியாயம் முடிந்த அன்று இவருடைய அப்பா வந்து மில்லுக்குக் கூட்டிப் போய்விட்டார். இவரும் பள்ளிக்கூடம் திரும்பவில்லை, கதையும் முடியவில்லை. இப்போது கையில் நாலு காசு சேர்ந்ததும் முதல் காரியமாக அதைப் படமாக எடுக்கப் போகிறார்.

எனக்கு நெகிழ்ந்துவிட்டது. இந்தாருங்கள், மீதிப் பதினைந்து அத்தியாயத்தையும் இன்றைக்கே படித்துவிடுங்கள் என்று புத்தகத்தை நீட்டினேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "எனக்குப் படிக்கிற பொறுமை இல்ல சார். நீங்க படிச்சிக்கினு பக்கத்துல நில்லுங்க, கேட்டா சொல்லுங்க. அவ்ளோதான் வேல."

ஒரு வரி

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க முதலாளியும் நானும் வனஜா மேடத்தின் வீட்டுக்குப் போனோம். பதினான்கு பக்க ஒப்பந்தத்தை அவர் கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்தார். பென்சிலால் பதினேழு எழுத்துப் பிழைகளைச் சுழித்தார். பிறகு அலமாரியிலிருந்து தட்டச்சு இயந்திரத்தை இறக்கி, கடைசிப் பக்கத்தைச் சொருகி, ஒரே ஒரு வரியைச் சேர்த்தார்: 'கடைசியில் மதகுக் கதவைச் செல்லி சாத்துவாள்.'

"அதுக்கின்னாம்மா, ஒரு கதவுதானே, தேக்குலயே செய்ஞ்சி சாத்திடலாம்" என்று முதலாளி பேனாவைத் திறந்தார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. போட்டுவிட்டு நிமிர்ந்தபோது மேடம் அவரை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு படிக்கலன்னு தெரியுது. நீங்க படிச்சிருக்கீங்க இல்ல? அப்போ கதவு சாத்தலன்னா நான் உங்களைத்தான் கேப்பேன்."

ஆமையின் நோக்கம்

தமிழ் சினிமாவில் கதை என்பது எழுதுவதில்லை, லாட்ஜில் பேசுவது. அதற்கு டிஸ்கஷன் என்று பெயர். விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் இரண்டு அறை போட்டு, டைரக்டர் பிரவீனும் அவருடைய உதவியாளர்கள் நாலு பேரும் நாற்பது நாள் பேசினார்கள். பிரவீன் சென்னைக்காரர், இருபத்தொன்பது வயது, நல்ல மரியாதைக்காரர். டீ கொண்டு வருகிறவர், ஏசி ரிப்பேர்காரர், அறை மாறி வந்துவிட்ட மருந்துக் கம்பெனி பிரதிநிதி என்று வந்தவர் போனவர் எல்லோரும் கதையில் கருத்துச் சொன்னார்கள். நான் சொன்னால் மட்டும், "சார், நீங்க புக்கைப் படிச்சிட்டீங்க, உங்களுக்கு ஃப்ரெஷ்ஷா தோணாது" என்றுவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் ஆமையிடம் வந்து நின்றோம். ஆமை மெதுவாக நடப்பதால்தான் பயணம் ஒன்பது அத்தியாயம் ஆகிறது. அந்த ஒன்பது அத்தியாயத்தில்தான் செல்லிக்கு அதன்மேல் பாசம் வருகிறது. அந்தப் பாசம் இல்லாவிட்டால் கடைசியில் கதவைச் சாத்துவதில் ஒன்றுமே இல்லை. இதை நான் அரைமணி நேரம் விளக்கினேன். பிரவீன் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு தலை நிமிர்ந்து கேட்டார்: "எல்லாம் ஓகே சார். ஆனா ஆமை ஏன் மெதுவா போவுது? அதுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் வேணும் இல்ல?"

ஃப்ளாஷ்பேக் வந்தது. ஆமைக்குக் காதலி வந்தாள். காதலிக்கு ஒரு பாட்டும் வந்தது.

அதே நாளில் பதில்

படப்பிடிப்பு அனுமதிக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், நாளைக்கு நானும் அங்கே போக வேண்டியிருக்கும். கதைச் சுருக்கம் இரண்டு பக்கம் கேட்டார்கள். நாரை தாசில்தாரை எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று எனக்கு உள்ளூர உதறல். புத்தகத்தில் அந்த நாரை ஒற்றைக் காலில் நின்றபடியே மனு வாங்கும். அது கால் மாற்றினால்தான் உத்தரவு.

சீட்டில் இருந்தவர் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். நாரையைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை. ஒரே ஓர் இடத்தில் விரல் வைத்தார். செல்லி காலையில் மனு கொடுக்கிறாள், சாயங்காலம் நாரை கால் மாற்றிப் பதில் சொல்கிறது என்ற இடம். "அன்னைக்கே பதில் வருதா? சார், இது கற்பனைக் கதைன்னு மேலயே பெருசா எழுதிக் குடுத்துடுங்க, அப்புறம் ஜனங்க எங்களை வந்து கேட்டுக்கினு இருப்பாங்க."

பச்சை மேல் பச்சை

கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாட்டைப் புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிடும்: நம்மூர் மல்லாட்டைக் கொல்லை மாதிரியேதான் இருந்தது, ஆனால் எந்தச் செடியும் வாடியிருக்கவில்லை. அதற்காகப் பிரம்மதேசம் பக்கம் ஒரு கொல்லையைப் பிடித்தோம். மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. பார்த்தால் கண் குளிரும் அப்படியொரு பசுமை. நானே மனசுக்குள் வனஜா மேடத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

லாரியிலிருந்து பச்சைத் துணி சுருள்சுருளாக இறங்கியது. கிராஃபிக்ஸ் செய்வதற்காகக் கொல்லை முழுக்க விரிக்க வேண்டுமாம். வரப்பில் நின்ற நிலத்துக்காரர் பெருமாள் ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்தார். அவர் வாடகை வாங்கிவிட்டார், ஆகவே தடுக்கவில்லை. விஷயம் புரியாமல் போகக்கூடாதே என்ற ஆதங்கம்தான். மெல்ல என் பக்கத்தில் வந்தார். "பச்சையா கீற கொல்ல மேல பச்சத் துணியப் போட்டு மூடிட்டு, அப்பாலிக்கா கம்ப்யூட்டர்ல ஒக்காந்து பச்சையா ஒரு கொல்ல வரைவீங்களா சார்?"

அமாவாசைப் படை

புத்தகத்தில் சண்டையே கிடையாது. படத்தில் ஓர் அரக்கனும், அவனை எதிர்க்கப் பத்தாயிரம் பேர் கொண்ட படையும் வேண்டும் என்றார்கள். அவ்வளவு பேருக்குச் சாப்பாடு போட முதலாளி தயாரில்லை. மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசைக்குக் கூட்டம் எப்படியும் வரும், ஒரு ஓரமாக நின்று ட்ரோன் விட்டுப் பிடித்துக்கொள்ளலாம் என்று உதவியாளர் ஒருவர் யோசனை சொன்னார். அனுமதி கிடைக்காது என்று நான் சொல்லியும் கேட்காமல், இடம் பார்க்க என்னையே துணைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

கூட்டத்தில் நசுங்கி நின்றபோது, மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மா நாங்கள் யார், எதற்கு ஆகாயத்தையே பார்க்கிறோம் என்று விசாரித்தார். பிள்ளைகள் கதை, ஓர் அரக்கன், அவனை எதிர்த்து ஆமை படை திரட்டிக்கொண்டு போகிறது என்று சொல்லி வைத்தேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆத்தா இருக்கறப்ப, சண்டைக்கு ஆமைய எதுக்கு அனுப்பறீங்க?"

அத்தோடு திரும்பி வந்தோம். படையைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொண்டார்கள்.

மில்லில் ஒரு வாசிப்பு

கடைசிக் காட்சி எடுக்க நாலு நாள் இருக்கும்போது பேரிடி விழுந்தது. செல்லி கதவைச் சாத்தப் போவதில்லை. கதவு திறந்தே இருக்கும், உள்ளே இருட்டில் அரக்கனுடைய இரண்டு சிவப்புக் கண் தெரியும், 'தொடரும்' என்று போடுவார்கள். இரண்டாம் பாகத்துக்கு அதுதான் வழியாம். படத்துக்கு 'மதகு: அத்தியாயம் ஒன்று' என்று பெயர் மாற்றியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிரவீனிடம் போனேன். "முதலாளி முடிவு சார்" என்றார்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு மில்லுக்கே போனேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். கடைசி அத்தியாயத்தை நீங்கள் ஒருமுறை கேட்டே ஆக வேண்டும் என்றேன். செக்கு ஓடும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்றார். நிறுத்தச் சொன்னேன். ஆச்சரியம், நிறுத்தினார். எண்ணெய் வாசத்துக்கு நடுவில், பிண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து பதினோரு பக்கத்தையும் படித்துக் காட்டினேன். மழை வந்தது, ஏரி நிரம்பியது, ஆமை "போ, நாழியாவுது" என்றது, செல்லி கதவைச் சாத்தினாள். நிமிர்ந்து பார்த்தால் முதலாளி துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார், தோள் குலுங்குகிறது. ஐந்தாம் வகுப்பில் விட்ட கதை ஐம்பது வயதில் வந்து சேர்ந்திருக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அவர் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "சூப்பரா கீது சார். இதை அப்படியே பார்ட் டூல வெச்சிக்கலாம்."

அன்றைக்கு நான் கத்திய கத்தலில் மூட்டை தூக்குகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். செல்லி கதவைச் சாத்துவாள். படம் முடிந்து பெயரெல்லாம் ஓடும். ஓடி முடித்ததும் கதவு தானாகத் திறக்கும், சிவப்புக் கண் தெரியும், 'தொடரும்' வரும். "சாத்தணும்னுதான் எழுதிக் குடுத்தேன், சாத்தின கதவைத் தொறக்கக் கூடாதுன்னு எங்கனா கீதா?" என்றார் முதலாளி.

நானே போய்ச் சொன்னது

படம் வெளியாவதற்கு முதல் நாள் வனஜா மேடம் வீட்டுக்குப் போனேன். மறைத்துவிடலாம் என்று விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதுகூட நினைத்தேன். அவர் வைத்த காபியைக் குடித்ததும் முடியவில்லை. சாத்துகிறாள், ஆனால் பெயர் ஓடிய பிறகு திறந்துகொள்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தன் டம்ளரைக் கீழே வைத்தார். "பேரு ஓடற வரைக்கும் நம்மூர்ல யாரு சார் உட்கார்ந்திருக்காங்க?" என்றார். உண்மைதான். எங்கள் தியேட்டர்களில் கடைசிக் காட்சி முடிந்து முதல் பெயர் தலைகாட்டும்போதே லைட் எரியும், பக்கவாட்டுக் கதவுகள் திறக்கும், ஜனம் வண்டி எடுக்க ஓடும், ஆபரேட்டர் படத்தை நிறுத்திவிடுவார். ஆனால் முதலாளி அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டார், 'தொடரும்' வருகிற வரை லைட்டும் போடக்கூடாது, கதவும் திறக்கக்கூடாது என்று தியேட்டரில் சொல்லி வைத்திருக்கிறார் என்றேன். மேடம் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சரி, மேட்டினிதானே? நான் கொஞ்சம் முன்னாடியே வந்துடுறேன்."

மேட்டினி

திண்டிவனத்தில் முதல் நாள் மேட்டினி. எனக்கு ஒரு பக்கம் முதலாளி, மறு பக்கம் மடியில் கைப்பையோடு வனஜா மேடம். ஆமையின் காதலி ஆடினாள். மேடம் பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பத்தாயிரம் பேர் படை வந்தது, இன்னொரு மிட்டாய். இடைவேளைக்குப் பிறகு முன்வரிசைப் பிள்ளைகள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

பிறகு மழை வந்தது. அந்த ஒரு காட்சியைப் பிரவீன் புத்தகத்தில் உள்ளபடியே எடுத்திருந்தார். பாட்டு இல்லை, வசனமும் இல்லை. செல்லியாக நடித்த பெண் இரண்டு கையாலும் தள்ளிக் கதவைச் சாத்தினாள். முன்வரிசையில் ஒரு குழந்தை, "அம்மா, ஆமை?" என்று கேட்டது. பக்கத்தில் மேடத்தின் கை கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தது. இப்போது பெயர் ஓடும், அப்புறம் அந்தச் சனியன் பிடித்த கண் வரும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பளிச்சென்று லைட் எரிந்தது. பக்கவாட்டுக் கதவுகள் படார் படாரெனத் திறந்தன. திரையில் ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்கள். முதலாளி, "யோவ், கண்ணு எங்கய்யா!" என்று அலறியபடி மாடிக்கு ஓட, நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஆபரேட்டர் ஏழுமலை நாற்பது வயதுக்காரர், பதறாமல் நின்றார். "வனஜாம்மா பன்னெண்டு மணிக்கே வந்து சொல்லிட்டாங்க முதலாளி. கதவச் சாத்துனா கதை முடிஞ்சிதுன்னாங்க. நானும் ஆறாவதுல அந்தக் கதையப் படிச்சவன்தான், அது கரெக்ட்டுதானே? ஏரி ரொம்பறப்ப எவனாச்சும் மதகத் தொறந்து வுட்டுட்டுப் போவானா?"

முதலாளி மூச்சு வாங்கிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, புத்தகத்தைப் படித்தவன் என்ற முறையில் என்னிடம் ஒரு கேள்வி வந்தது: "லைப்ரரி சார், நீங்க சொல்லுங்க. புக்குல அப்படித்தான் முடியுதா?"

சம்பளத்தில் ஒரு மாதம் பாக்கி இருந்தது. இருந்தாலும் சொன்னேன், அப்படித்தான் முடிகிறது என்று. அவர் ஆபரேட்டர் அறையின் சின்ன ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவே வனஜா மேடம் கடைசி ஆளாக எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு நடந்துகொண்டிருந்தார். முதலாளி துண்டை எடுத்து முகத்தை மறுபடி ஒருமுறை துடைத்தார். "அப்போ பார்ட் டூக்கு வேற புக்கு எதுனா படிச்சி வைங்க சார்."

அந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்களை எல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் கதை புத்தகத்தில் உள்ளபடியே முடிந்தது திண்டிவனத்தில் அந்த ஒரு மேட்டினியில் மட்டும்தான் என்றும், அந்த முடிவை இயக்கியவர் ஓய்வுபெற்ற ஒரு தட்டச்சர் என்றும் ஒருவர்கூட எழுதவில்லை.